விளையாட்டுக்குள் தமிழ்த் தட்டச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விளையாட்டு நிரலாக்க நூலகங்களில் உரை உள்ளீடு குறித்து வந்த கடிதங்களுள் ஐந்துக்கு இந்த இதழில் விடை தருகிறோம்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): சி மொழியில் ரேலிப் நூலகத்தைக் கொண்டு ஒரு சொல் விளையாட்டை எழுதி வருகிறேன். ஆட்டக்காரர் தம் பெயரைத் தட்டச்சு செய்வதற்கு, நூலகத்துடன் வரும் உரை உள்ளீட்டுப் பெட்டியின் மாதிரி நிரலை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆங்கிலப் பெயர் ஏறுகிறது. தமிழில் ஓர் எழுத்தும் ஏறவில்லை. எழுத்துகளை வடிகட்டும் நிபந்தனையை நீக்கிவிட்டால் வெறும் கேள்விக்குறிகள் வருகின்றன. ‘கெட்சார்பிரஸ்டு’ செயற்கூறு தமிழுக்குப் பயன்படாதா?

பதில்: பயன்படும். விசைப்பலகை அனுப்பிய எழுத்தின் யூனிகோடு குறியெண்ணை அந்தச் செயற்கூறு முழு எண்ணாகத் தருகிறது. ‘க’ என்று தட்டினால் 2965 என்ற எண் பழுதில்லாமல் உங்கள் நிரலுக்கு வந்து சேர்கிறது. அதன் பிறகு நீங்கள் எடுத்துக்கொண்ட மாதிரி நிரல்தான் அந்த எண்ணைத் தடுக்கிறது, தடுக்காத இடத்தில் சிதைக்கிறது. ரேலிப் நூலகத்தை ரமோன் சாந்தமரியா 2013இல் வெளியிட்டார். நிரலாக்கம் அறியாத மாணவர்களுக்கு விளையாட்டு உருவாக்கத்தைக் கற்பிக்கும் நோக்கில் எழுந்த நூலகம் அது. அதன் மாதிரி நிரல்களும் பாடம் சொல்ல எழுதப்பட்டவையே. அவற்றை அப்படியே எடுத்து ஒரு முழு விளையாட்டுக்குள் வைத்தால் இத்தகைய தொல்லை வரத்தான் செய்யும்.

வடிகட்டும் நிபந்தனை 32 முதல் 125 வரையுள்ள எண்களை மட்டுமே ஏற்கிறது. ஆங்கில எழுத்துகள், எண்கள், பெரும்பாலான நிறுத்தக்குறிகள் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு யூனிகோடு ஒதுக்கிய பகுதியோ 2944இல் தொடங்கி 3071இல் முடிகிறது. (126ஆம் எண்ணுக்குரிய அலைக்குறியைக்கூட அந்த நிபந்தனை உள்ளே விடுவதில்லை.) நிபந்தனையை நீக்கியபோது நீங்கள் அடுத்த வரியில் சிக்கிக்கொண்டீர்கள். அந்த வரி, வந்த எண்ணை ‘சார்’ வகைக்கு மாற்றி, உரையைச் சேர்த்து வைக்கும் அணியில் (பைட்டுகளின் தொடரில்) ஒரே பைட்டாக வைக்கிறது. 2965 என்ற எண் ஒரு பைட்டுக்குள் அடங்காது என்பதால் மேற்பகுதி வெட்டப்பட்டு 149 மட்டும் மிஞ்சுகிறது. தனியாக நிற்கும் அந்த பைட், யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறைப்படி எந்த எழுத்தும் ஆகாது. ஆகவே திரையில் வரையும் செயற்கூறு அதைப் படிக்க முடியாமல் கேள்விக்குறியை வரைகிறது.

இதைச் சரிசெய்த பிறகும் கேள்விக்குறி தொடரக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் அந்த இடத்தில்தான் நம்பிக்கை இழந்து நூலகத்தையே குறை சொல்லத் தொடங்குகிறார்கள். ரேலிப்பின் இயல்பு எழுத்துருவில் தமிழ் இல்லை. நீங்கள் ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பை ‘லோடுஃபான்ட்இஎக்ஸ்’ வழியாக ஏற்றினாலும், எந்தக் குறியெண்கள் வேண்டும் என்ற பட்டியலைத் தராமல் விட்டால், அது 32இலிருந்து தொடங்கும் 95 ஆங்கில வடிவங்களை மட்டுமே கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். கோப்பில் தமிழ் இருந்தும் நினைவகத்தில் இராது. அந்த நிலையிலும் திரையில் தோன்றுவது அதே கேள்விக்குறிதான். ஆகவே ஒரே அடையாளம் இரு வேறு நோய்களைக் காட்டுகிறது: சரத்தில், அதாவது அணியில் சேர்ந்த உரையில், உள்ள பைட்டுகள் கெட்டிருக்கலாம், அல்லது பைட்டுகள் நன்றாக இருந்து எழுத்துரு குறைபட்டிருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, வந்த எண்ணையும் சரத்தின் பைட் நீளத்தையும் ‘டிரேஸ்லாக்’ கொண்டு முனையத்தில் அச்சிட்டுப் பாருங்கள். ‘க’வுக்கு 2965 வந்து, சரத்தின் நீளம் 3 கூடியிருந்தால், உள்ளீட்டில் குறையில்லை, எழுத்துருவின் பக்கம் போகலாம்.

திருத்தம் இவ்வாறு அமையட்டும். கீழெல்லை 32 இருக்கட்டும். மேலெல்லையை எடுத்துவிடுங்கள், அல்லது ஆங்கிலப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் தனித்தனியே அனுமதியுங்கள். வந்த எண்ணை ‘கோட்பாயின்ட்டுயூடிஎஃப்8’ என்ற செயற்கூறிடம் கொடுத்தால், அது பைட்டுகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் திருப்பித் தரும். அந்த எண்ணிக்கையளவு பைட்டுகளைச் சரத்தின் முடிவில் படியெடுத்து, இறுதியில், சரம் முடிந்ததைக் காட்டும் சுழியத்தை வையுங்கள். எழுத்துருவை ஏற்றும்போது ஆங்கிலத்துக்குரிய 95 எண்களையும் தமிழ்ப் பகுதியின் 128 எண்களையும் கொண்ட ஓர் அணியைக் கொடுங்கள். அந்த 128இல் சில இடங்கள் எழுத்து ஒதுக்கப்படாதவை. அவற்றைப் பற்றி எச்சரிக்கை வந்தால் பொருட்படுத்த வேண்டாம். வரைவதற்கு ‘டிராடெக்ஸ்ட்’ உதவாது, அது இயல்பு எழுத்துருவையே பயன்படுத்தும், ‘டிராடெக்ஸ்ட்இஎக்ஸ்’ வேண்டும்.

நீள வரம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதில்தான் இடறுவீர்கள். மாதிரி நிரல் 9 எழுத்துகள் என்று வரம்பு வைத்து, முடிவுச் சுழியத்தையும் சேர்த்து 10 பைட் கொண்ட அணியை ஒதுக்குகிறது. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் என்பதால், அந்த அணி மூன்று குறியெண்களுடன் நிரம்பிவிடும். ‘செந்தமிழ்ச்செல்வி’ என்ற பெயரை எண்ணிப் பாருங்கள்: நம் கணக்கில் 9 எழுத்துகள், யூனிகோடு கணக்கில் 17 குறியெண்கள், நினைவகத்தின் கணக்கில் 51 பைட்டுகள். ஆட்டக்காரரிடம் ‘9 எழுத்துக்குள் பெயர் இடுக’ என்று கேட்டுவிட்டு அந்தப் பெயரை மறுப்பது நியாயமில்லை. எனவே அணியின் அளவை 128 பைட்டாகத் தாராளமாக வையுங்கள். எழுத்தெண்ணிக்கையைத் தனி மாறியில் கணக்கிடுங்கள். புள்ளியையும் உயிர்மெய்க் குறியீடுகளையும், அதாவது 3006 முதல் 3021 வரையுள்ளவற்றையும் 3031ஐயும், தனி எழுத்தாக எண்ணாமல் விட்டாலே கணக்கு பெரும்பாலும் நம் கணக்குடன் ஒத்துப்போகும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவை மட்டும் இரண்டாக எண்ணப்படும், பெயர்ப் பெட்டிக்கு அது பெரிய குறையன்று. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 9 எழுத்து நிரம்பிய பின் வருவது புள்ளியோ கொம்போ ஆனால் அதை ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பதாம் எழுத்து எப்போதும் அகரமேறிய மெய்யாகவே நின்றுவிடும்.

மாதிரி நிரலில் சுட்டி பெட்டியின் மேல் இருந்தால் மட்டுமே உள்ளீடு ஏற்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சுட்டியைச் சற்று நகர்த்திவிட்டு, ‘திடீரென்று தட்டச்சு நின்றுவிட்டது’ என்று தவிப்பவர்கள் உண்டு.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): நானும் ரேலிப்தான் பயன்படுத்துகிறேன். யூடிஎஃப்-8 மாற்றத்தைச் செய்துவிட்டேன். தமிழ் எழுத்துருவும் ஏற்றிவிட்டேன். ஒலியியல் முறையில் தட்டும் ஒரு தமிழ்த் தட்டச்சுக் கருவியை விண்டோசில் நிறுவியிருக்கிறேன். ‘அம்மா’ என்று தட்டினால் ‘அமமா’ என்று ஏறுகிறது. நண்பர் சொன்னபடி ஒருமுறை மட்டும் சோதிக்கும் ‘இஃப்’ இருந்த இடத்தில், திரும்பத் திரும்பச் சோதிக்கும் ‘வொய்ல்’ மடக்கை வைத்தேன். இப்போது புள்ளி வருகிறது, ஆனால் போக வேண்டிய இடத்தில் போகவில்லை: கடைசி ‘ம்’ புள்ளியுடனே நின்று, அதன் பின்னால் கால் வந்து ஒட்டுகிறது. நோட்பேடில் இதே கருவி சரியாக வேலை செய்கிறது.

பதில்: நண்பர் சொன்னது சரி, பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கான விடை, இத்தகைய கருவிகள் எழுத்தை எவ்வாறு அனுப்புகின்றன என்பதில் இருக்கிறது.

முதற்பாதியை விளக்கிவிடுகிறேன், ஏனெனில் ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படாது. ரேலிப் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரை ஒருமுறை வரையப்படும் சுற்றிலும், வந்த எழுத்துகளை 16 இடங்கள் கொண்ட ஒரு வரிசையில் சேர்த்து வைக்கிறது. ‘கெட்சார்பிரஸ்டு’வை ஒருமுறை அழைத்தால் வரிசையின் முதல் எழுத்து கிடைக்கும், வரிசை தீர்ந்ததும் சுழியம் கிடைக்கும். அடுத்த ஃபிரேமுக்கான உள்ளீட்டைச் சேகரிக்கும் முன் பழைய வரிசை அழிக்கப்பட்டுவிடும். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமின் ஆயுள் ஏறத்தாழ 17 மில்லிவிநாடி. அதற்குள் இரண்டு ஆங்கில எழுத்துகளை ஒரு மனிதர் தட்டுவது அரிது என்பதால், ‘இஃப்’ வைத்து எழுதிய நிரல் ஆண்டுக்கணக்கில் பிழையின்றி ஓடுவதுபோல் தோன்றும். தமிழில் ‘ம்’ என்பது ஒரே விசைத்தட்டு, ஆனால் ‘ம’, புள்ளி என இரண்டு குறியெண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடனே வருகின்றன. ‘இஃப்’ முதலாவதை மட்டும் எடுத்தது; புள்ளி அழிக்கப்பட்டது. ஒரே தட்டில் ‘ஸ்ரீ’யை அனுப்பும் விசைப்பலகைத் தளக்கோலமாக இருந்தால், நான்கு குறியெண்களில் மூன்று தொலைந்துபோயிருக்கும்.

இரண்டாம் பாதி நுணுக்கமானது. ‘ம்’ தட்டிய பின் ‘அ’வுக்குரிய விசையைத் தட்டினால், ஏற்கெனவே ஏறிவிட்ட புள்ளியை நீக்க வேண்டும். உங்கள் கருவி விளையாட்டின் சரத்துக்குள் கை வைக்க முடியாது. ஆகவே தனி மென்பொருளாக நிறுவப்படும் இத்தகைய கருவிகளில் பல, நீங்களே தட்டியதுபோல் ஒரு பேக்ஸ்பேஸ் விசையைச் செயற்கையாக அனுப்புகின்றன. தேவையானால் அதைத் தொடர்ந்து புதிய எழுத்துகளையும் அனுப்புகின்றன. நோட்பேட் இவற்றை வந்த வரிசைப்படியே ஏற்றுச் செயல்படுவதால் அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உங்கள் நிரலில் பேக்ஸ்பேஸைக் கவனிப்பது ‘இஸ்கீபிரஸ்டு’ என்ற செயற்கூறு. அது சென்ற ஃபிரேமில் விசை மேலே இருந்ததா, இந்த ஃபிரேமில் கீழே இருக்கிறதா என்று இரு நிலைகளை ஒப்பிடுகிறது. மனித விரல் ஒரு விசையைப் பல ஃபிரேம்கள் அழுத்திக்கொண்டிருக்கும் என்பதால் அந்த ஒப்பீடு போதும். செயற்கை விசையோ அதே நொடியில் அழுத்தப்பட்டு அதே நொடியில் விடப்படுகிறது. ரேலிப் நிலையைப் பார்க்கும் வேளையில் விசை மேலே வந்துவிட்டது. சென்ற ஃபிரேமிலும் மேலேதான் இருந்தது. ஆகவே பேக்ஸ்பேஸ் நடக்கவே இல்லை என்று முடிவாகிறது. புள்ளி நீங்காமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

அழுத்தப்பட்ட விசைகளுக்கும் ரேலிப் ஒரு வரிசை வைத்திருக்கிறது. அதைத் தருவது ‘கெட்கீபிரஸ்டு’. விசை உடனே விடப்பட்டாலும் அழுத்தப்பட்ட செய்தி அந்த வரிசையில் பதிவாகியிருக்கும். எனவே ஃபிரேமின் தொடக்கத்தில் அந்த வரிசையை முழுவதும் படித்து, எத்தனை பேக்ஸ்பேஸ்கள் வந்தன என்று எண்ணி, அத்தனை முறை நீக்குங்கள். அதன் பிறகு எழுத்து வரிசையைப் படித்துச் சேருங்கள். கருவிகள் முதலில் நீக்கச் சொல்லிப் பின்பு எழுத்தை அனுப்புவதால் இந்த முன்பின் பொருந்தும். விசை வரிசையை ஒருமுறை படித்தால் அது காலியாகிவிடும் என்பதால், நிரலில் ஒரே இடத்தில் மட்டும் படித்து, வேறு பகுதிகளுக்கு வேண்டியதை அங்கிருந்தே பகிர்ந்து கொடுங்கள். ஆட்டக்காரர் பேக்ஸ்பேஸை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து அழிக்க விரும்பினால் இந்த வரிசை உதவாது, முதல் அழுத்தம் மட்டுமே இதில் பதிவாகும். 2023இல் வந்த 5.0 பதிப்பு முதல் உள்ள ‘இஸ்கீபிரஸ்டுரிபீட்’ அந்தத் தேவையை நிறைவு செய்கிறது.

ஒரு பேக்ஸ்பேஸுக்கு எவ்வளவு நீக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன்: ஒரே ஒரு குறியெண். தமிழ் வாசகரை மதிக்கும் எண்ணத்துடன் சிலர் ‘மா’ முழுவதையும் ஒரே தட்டில் நீக்குமாறு எழுதுகிறார்கள். காண அழகாக இருக்கும், ஆனால் புள்ளியை மட்டும் நீக்கும் பொருட்டுக் கருவி அனுப்பிய பேக்ஸ்பேஸ் அங்கே மெய்யெழுத்தையே விழுங்கிவிடும். அந்த விளையாட்டில் ஒலியியல் தட்டச்சே நடவாது. அதற்கு நேர்மாறாக, மாதிரி நிரல் செய்வதுபோல் ஒரே ஒரு பைட்டை நீக்கினால் சரம் உடைந்து மீண்டும் கேள்விக்குறி தோன்றும். சரத்தின் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து, 128 முதல் 191 வரையுள்ள பைட்டுகளைக் கடந்து, அதற்கு முந்திய பைட்டில் சுழியத்தை வைத்தால் சரியாக ஒரு குறியெண் நீங்கும்.

இந்த முறையில் ஓர் ஓட்டை எஞ்சியிருக்கிறது. எழுத்துகளுக்கு ஒரு வரிசை, விசைகளுக்கு வேறொரு வரிசை என்று இருப்பதால், ஒரே ஃபிரேமுக்குள் எழுத்தும் அதன் பின் பேக்ஸ்பேஸும் வந்தால் எது முந்தியது என்பது தெரிய வழியில்லை. படங்களை ஏற்றும்போது விளையாட்டு அரை விநாடி உறைந்து, அந்த நேரத்தில் ஆட்டக்காரர் வேகமாகத் தட்டினால் எழுத்துகள் குழம்பும். பெயர் கேட்கும் திரையில் கனமான வேலை எதையும் செய்யாமல் இருந்தால் போதும். ஆனால் சொல் விளையாட்டின் மைய வேலையே வேகத் தட்டச்சு என்றால், எல்லா நிகழ்வுகளையும் ஒரே வரிசையில் தரும் மற்றொரு விளையாட்டு நூலகமான எஸ்டிஎல்லைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): என் விளையாட்டில் தமிழ் உள்ளீடு ஏறுகிறது, ஆனால் ‘கெ’ என்று தட்டினால் ‘க’வுக்குப் பின்னால் கொம்பு விழுகிறது. ‘கு’ ஒட்டாமல் இரண்டு துண்டாக நிற்கிறது. உள்ளீட்டுச் செயற்கூறு எழுத்துகளை வரிசை மாற்றித் தருகிறதா?

பதில்: இல்லை. யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் ‘க’, அடுத்துக் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பதும் ‘கு’வுக்குரிய ஒட்டு வடிவத்தைத் தேர்வதும் வரையும் நிலையில் நடக்க வேண்டிய வேலை. ரேலிப் குறியெண்களை ஒவ்வொன்றாக இடமிருந்து வலமாக அடுக்கி வரைவதோடு நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்யும் ஆர்வத்தில் உள்ளீட்டுச் சரத்தின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். சேமித்த பெயரை வேறெங்கும் படிக்க முடியாமல் போகும், பேக்ஸ்பேஸும் தவறான குறியை நீக்கும்.

முறையான வழி, ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துவடிவ நூலகத்தை இணைத்து, எந்த வடிவம் எங்கே வர வேண்டும் என்பதை அதனிடம் கேட்டு வரைவது. எஸ்டிஎல்லின் எழுத்துரு இணைப்பு நூலகத்தில், 2022இல் வந்த 2.0.18 பதிப்பிலிருந்து ஹார்ஃப்பஸைச் சேர்த்துக் கட்டும் வசதி இருக்கிறது. உங்கள் விளையாட்டு சிறியது, வேறு மொழி எதுவும் வரப்போவதில்லை என்றால் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியாக்கத்தில், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் இருக்கிறது. மெய் ஒன்றுக்கு 16 இடங்கள் கொண்ட ஒரு வரிசை. மெய்யின் எண்ணுடன் உயிரின் வரிசையெண்ணைக் கூட்டினால் உயிர்மெய் கிடைத்துவிடும். திரையில் வரையும் முன் மட்டும் யூனிகோடுச் சரத்தை டேஸ்-16க்கு மாற்றி, அதற்குரிய எழுத்துருவை ஏற்றி வரைந்தால், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கத் தெரிந்த ரேலிப்புக்கு அதுவே போதும். மாற்றிய சரத்தைக் கோப்பில் எழுத வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் ‘டி’ விசையை அழுத்தினால் உரையாடல் பெட்டி திறக்கிறது. பெட்டி திறந்தவுடனே அதில் ‘டி’ எழுத்தும் ஏறி நிற்கிறது. பெட்டியை மூட எஸ்கேப்பை அழுத்தினால் விளையாட்டே மூடிவிடுகிறது. பேசிக்கொண்டிருக்கையில் என் பாத்திரம் தானாக நடக்கவும் செய்கிறது.

பதில்: ஒரே விசைத்தட்டு இரண்டு செய்திகளாக வருகிறது: இந்த விசை அழுத்தப்பட்டது என்பது ஒன்று, இந்த எழுத்து வந்தது என்பது மற்றொன்று. முதல் செய்தியைக் கண்டு பெட்டியைத் திறக்கிறீர்கள். இரண்டாவது செய்தி திறந்த பெட்டிக்குள் விழுகிறது. ரேலிப்பில் பெட்டியைத் திறக்கும் அந்த ஃபிரேமிலேயே எழுத்து வரிசையைக் காலியாகும்வரை படித்து எறிந்துவிடுங்கள். எஸ்டிஎல்லில் விசை நிகழ்வுக்குப் பின்னர் எழுத்து நிகழ்வு தனியாக வருவதால், விசை விடப்படும்போது பெட்டியைத் திறப்பது எளிய தீர்வு. ‘முதல் எழுத்து டி என்றால் தவிர்’ என்று நிபந்தனை எழுதுவோரைக் கண்டிருக்கிறேன். ஆட்டக்காரரின் விசைப்பலகை அப்போது தமிழில் இருந்தால் வருவது வேறு எழுத்து, நிபந்தனை பயனற்றுப்போகும்.

எஸ்கேப் விசை சாளரத்தை மூடுவது ரேலிப்பின் இயல்பு ஏற்பாடு. ‘செட்எக்ஸிட்கீ’ செயற்கூறுக்குச் சுழியத்தைக் கொடுத்து அதை நீக்கலாம். பாத்திரம் நடப்பதைத் தடுக்க, பெட்டி திறந்திருக்கிறதா என்ற ஒரே மாறியைப் பார்த்து, நடமாட்டப் பகுதியை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே நிபந்தனை வைத்தால் ஏதேனும் ஒன்று விட்டுப்போகும்.

இதன் மறுபக்கத்தையும் சோதித்துப் பாருங்கள். பெட்டி மூடியிருக்கையில், ஆட்டக்காரர் தமிழ்த் தட்டச்சுக் கருவியை அணைக்க மறந்திருந்தால், நடப்பதற்காக அழுத்தும் விசையைக் கருவி எழுத்தாகக் கருதி இடைமறித்துக்கொள்ளலாம். எஸ்டிஎல்லில் பெட்டி திறக்கும்போது உரை உள்ளீட்டைத் தொடங்கி, மூடும்போது ‘ஸ்டாப்டெக்ஸ்ட்இன்புட்’ அழைத்து நிறுத்தினால், இயங்குதளத்தின் உள்ளீட்டு முறை விளையாட்டு நேரத்தில் ஒதுங்கியிருக்கும். தனியாக நிறுவிய கருவிகளுக்கு இந்த ஏற்பாடு எட்டாமல் போகலாம். ரேலிப்பில் இதற்கு இணையான வசதி இல்லை. திரையில் ஒரு வரிக் குறிப்பு கொடுத்து ஆட்டக்காரரிடம் சொல்லிவிடுவதே வழி.

கேள்வி (மதுரை வாசகர்): எஸ்டிஎல்-2இல் நன்றாக ஓடிய நிரலை எஸ்டிஎல்-3க்கு மாற்றினேன். விசை நிகழ்வுகள் வருகின்றன. எழுத்து நிகழ்வு ஒன்றுகூட வரவில்லை.

பதில்: எஸ்டிஎல்-2 மேசைக் கணினிகளில் உரை உள்ளீட்டைத் தானே தொடங்கி வைத்தது, அதனால் ‘ஸ்டார்ட்டெக்ஸ்ட்இன்புட்’டை அழைக்க மறந்தவர்களின் நிரலும் ஓடியது. 2025 ஜனவரியில் நிலைப்பதிப்பாக வந்த எஸ்டிஎல்-3 அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. இப்போது எந்தச் சாளரத்துக்கு எழுத்து வேண்டுமோ அந்தச் சாளரத்தைக் குறிப்பிட்டு அந்தச் செயற்கூறை அழைக்க வேண்டும்.

அழைத்த பின்பு இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். எஸ்டிஎல்-2இல் எழுத்து நிகழ்வுக்குள் 32 பைட் அணி ஒன்று இருந்தது. எஸ்டிஎல்-3இல் அதன் இடத்தில் உரை இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டு மட்டுமே இருக்கிறது. அந்த உரை தற்காலிகமானது. நிகழ்வைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் சொந்தப் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தால், எடுக்கும்போது அங்கே குப்பைதான் இருக்கும். வந்த இடத்திலேயே உரையைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பதிப்புகளிலும் ஒரு நிகழ்வுக்குள் பல குறியெண்கள் இருக்கக்கூடும் என்பதால், முதல் எழுத்தை மட்டும் எடுக்கும் வரி ஏதேனும் பழைய நிரலில் இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.